பாயிரம் இல்லாத பெருந்தொகை

ஒரு நூலைக் கையிலெடுத்தவுடன் அதன் உள்ளே புகுந்துவிடுவது பழந்தமிழ் ஆசிரியர் மரபன்று. இதனைச் செய்தவர் யார், இதன் பெயர் யாது, இஃது எப்பொருளைக் கூறுகிறது, யாருக்காகச் செய்யப்பட்டது, இதனால் விளையும் பயன் என்ன என்னும் வினாக்களை முதற்கண் எழுப்பி, அவற்றிற்கு விடை கண்ட பின்னரே அவர்கள் பாடம் தொடங்குவர். அவ்விடைகளைத் தருவதே பாயிரம். எத்துணை விரிந்து பரந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அதனை நூலென ஏற்பதற்கில்லை என்பது நன்னூல் செய்த பவணந்தியார் துணிபு.

சட்டமும் ஒருவகை நூலே. கதையோ கவிதையோ பிடிக்கவில்லையெனின் மூடி வைத்துவிடலாம். சட்டத்தை அவ்வாறு மூடி வைத்தல் எவர்க்கும் இயலாது. படித்தவனையும் படியாதவனையும் அஃது ஒருங்கே கட்டும். தெரியாது என்று கூறித் தப்பவும் இடங்கொடாது. ஆகவே, ஏனைய நூல்களிடம் கேட்கும் வினாக்களைச் சட்டத்தினிடம் இன்னும் கடுமையாகக் கேட்டல் வேண்டும். அவற்றை அமெரிக்க ஐக்கிய நாட்டின் கூட்டரசுச் சட்டங்கள் சிலவற்றிடம் கேட்டுப் பார்க்கின், விடை எளிதிற் கிடைப்பதில்லை. சுற்றுச்சூழல், வாணிகம், தொழில்நுட்பம், மருத்துவம் எனத் தம்முள் தொடர்பில்லாத பொருள்களை ஒரே கட்டாகக் கட்டி, ஒரே வாக்கில் நிறைவேற்றிவிடும் வழக்கம் அங்கு வேரூன்றியிருப்பதே அதற்குக் காரணம். அவ்வழக்கத்தின் குணமும் குற்றமும் இங்கு ஆராயப்படுகின்றன.

ஒரு நாளில் ஒரு மலை

2020ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் அதிபர் டோனல்ட் டிரம்ப் கையொப்பமிட்ட 'ஒருங்கிணைந்த ஒதுக்கீட்டுச் சட்டம், 2021' என்பதை முதற்சான்றாகக் கொள்ளலாம். அதன் பக்கங்கள் 5,593. அதன்கண் அடங்கிய தொகை ஏறத்தாழ 2.3 இலட்சம் கோடி டாலர். அதில் 90,000 கோடி டாலர் கொரோனா நோயினால் நலிந்த மக்களுக்கும் தொழில்களுக்கும் துயர் துடைக்க வந்தது. எஞ்சியது அரசாங்கத்தின் ஆண்டுச் செலவுக்குரியது. இவ்வளவில் நின்றிருப்பின் அதனை ஒதுக்கீட்டுச் சட்டம் என அழைத்தல் பொருந்தும். ஆனால், ஆங்கில எழுத்து இருபத்தாறும் போதாமல், இரட்டை எழுத்துகளையும் குறியீடாகக் கொண்ட 32 பகுப்புகள் அதில் உள்ளன.

'எஸ்' என்னும் பகுப்பைப் புரட்டினால், குளிர்சாதனப் பெட்டிகளிலும் அறைகளைக் குளிர்விக்கும் பொறிகளிலும் பயன்படும் ஹைட்ரோ புளோரோ கார்பன் என்னும் வாயுக்களின் உற்பத்தியையும் பயனீட்டையும் 2036ஆம் ஆண்டுக்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும் என்னும் ஆணை காணப்படும். புவி வெப்பத்தைக் கடுமையாக உயர்த்தும் வாயுக்கள் அவை. 'இசட்' பகுப்பில் எரிசக்தி ஆராய்ச்சி பேசப்படுகிறது. 'பிபி' பகுப்பில், நோயாளிகளுக்கு எதிர்பாராமல் வந்து விழும் மருத்துவக் கட்டணச் சீட்டுகளைத் தடுக்கும் விதிகள் உள்ளன. இறுதிப் பகுப்பாகிய 'எஃப்எஃப்' என்பதிலோ குதிரைப் பந்தயத்தில் ஊக்க மருந்தைத் தடுக்கும் ஓர் ஆணையமும், தலாய் லாமாவின் வாரிசைத் தெரிந்தெடுத்தல் திபெத்தியப் பௌத்தர்க்கே உரியது என்னும் கொள்கையும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. பதிப்புரிமை பற்றிய சிறு வழக்குகளை விசாரிக்க ஒரு மன்றமும், தலைநகரில் இரண்டு புதிய அரும்பொருட் காட்சிசாலைகளும் இச்சட்டத்தினாலேயே பிறந்தன.

இவ்வளவும் அடங்கிய மசோதாவின் முழு வாசகம் உறுப்பினர் கைக்கு வந்தது டிசம்பர் 21ஆம் நாள் பிற்பகலில். அன்றிரவே பிரதிநிதிகள் சபையும் செனட் சபையும் அதனை நிறைவேற்றிவிட்டன. செனட்டில் ஆதரித்தோர் 92 பேர். எதிர்த்தோர் 6 பேர். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்து, உண்ணாமல் உறங்காமல் படிப்பினும், அதனை முடிக்க ஏறத்தாழ நான்கு நாள் வேண்டும். வாக்களித்தவர் எவரும் அதனை முழுவதும் படித்திருத்தல் இயலாது என்பது பழிச்சொல் அன்று, எளிய கணக்கு.

பெயர்

பாயிர வினாக்களுள் பெயர் பற்றியதை முதலிற் கேட்கலாம். இச்சட்டம் பிரதிநிதிகள் சபையின் 133ஆம் எண் மசோதாவாகப் பிறந்தது. 2019 ஜனவரியில் அது கொணரப்பட்டபோது அதன் நோக்கம் மெக்சிகோவோடு பொருளாதார உறவையும் மாணவர் பரிமாற்றத்தையும் வளர்ப்பதாகும். பின்னர் அவ்வோட்டினுள் இருந்த பருப்பு பெரும்பாலும் மறைந்து, இம்மலை உள்ளே புகுந்தது. ஓடு மட்டும் அதே எண்ணோடு நின்றது. வேறொரு பொருளுக்கெனப் புறப்பட்ட மசோதாவை வாகனமாக்கிக் கொள்ளுதல் அங்கு விதிக்கு முரணன்று. எனினும், எண்ணைக் கொண்டும் பெயரைக் கொண்டும் ஒரு சட்டத்தின் வரலாற்றைத் தேடும் மாணவனுக்கு இது வழிமாற்றிக் காட்டும் கைகாட்டி மரமே.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய 'பணவீக்கக் குறைப்புச் சட்டம்' பெயர்க் குற்றத்துக்கு மற்றொரு சான்று. அதன் பெரும்பகுதி சூரிய ஒளி, காற்று ஆகியவற்றிலிருந்து மின்சாரம் எடுப்போர்க்கும் மின்சாரக் கார் வாங்குவோர்க்கும் அளிக்கும் வரிச்சலுகைகள் பற்றியது. மற்றொரு பெரும்பகுதி, முதியோர்க்கான மெடிகேர் காப்புறுதித் திட்டம் மருந்துக் கம்பெனிகளோடு விலை பேசும் உரிமை பெறுவதும், அத்திட்டத்தில் உள்ளோர் இன்சுலினுக்குத் தரும் கட்டணம் திங்களுக்கு 35 டாலரைத் தாண்டலாகாது என்பதும் போன்றவை. இரண்டும் நல்ல பொருள்கள். ஆயின், பெயரில் இரண்டும் இல்லை. அதில் கையொப்பமிட்ட அதிபர் ஜோ பைடனே அடுத்த ஆண்டில், அப்பெயரை இட்டிருக்க வேண்டாமே என்று வெளிப்படையாகக் கூற நேர்ந்தது.

2025 ஜூலை 4ஆம் நாள் கையொப்பமான பெருஞ்சட்டத்தின் கதை இன்னும் வியப்புடையது. 'ஒரே பெரிய அழகிய மசோதா' என்று அதற்கு இடப்பட்டிருந்த பெயரைச் செனட் விதிகளைக் காட்டி எதிர்க்கட்சித் தலைவர் நீக்கச் செய்தார். ஆகவே, உலகெலாம் ஒரு பெயரால் அழைக்கும் அச்சட்டத்துக்குச் சட்ட ஏட்டில் குறும்பெயர் என ஒன்றில்லை. வரி, ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவ உதவி, எல்லைக் காவல், வானொலி அலைவரிசை ஏலம், முன்னர்க் கூறிய மின்சாரக் கார்ச் சலுகையின் நீக்கம் ஆகிய அனைத்தையும் தாங்கும் நூலுக்குப் பெயரே இல்லாமற் போனது ஒருவாறு பொருத்தமே. எல்லாவற்றையும் கூறும் நூலுக்கு எப்பெயர்தான் பொருந்தும்?

பெயர் வெறும் ஒப்பனை என்பார் உளர். அவர் கூற்று பொருந்தாது. பெயர் என்பது ஆக்கியோன் படிப்போனுக்குச் செய்து தரும் முதல் உறுதிமொழி. அது தவறினால், பின்னர் வரும் உறுதிமொழிகளையும் மக்கள் ஐயத்தோடே நோக்குவர்.

ஆலமரமும் விறகுக் கட்டும்

இனிப் பொருள் பற்றிய வினா. ஒரு சட்டம் பரந்ததாக இருத்தலே குற்றமாகாது. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் மிகப் பரந்தது. மோட்டார் வண்டியின் புகையும், ஆலைக் கூண்டின் புகையும், மாநில அரசுகளின் கடமையும், குடிமகன் வழக்குத் தொடுக்கும் உரிமையும் அதில் அடங்கும். செனட் சபை தன் வடிவத்தை அவ்வாண்டு செப்டம்பரில் எதிர்ப்பின்றி 73 வாக்குகளால் ஏற்றது. டிசம்பர் 31ஆம் நாள் அது சட்டமாயிற்று. அதன் எப்பகுதியைத் தொட்டாலும் 'மக்கள் மூச்சு விடும் காற்று' என்னும் ஒரே வேரில் சென்று முடியும். ஆலமரத்துக்கு விழுது பல, மரம் ஒன்றே.

2020ஆம் ஆண்டின் சட்டமோ விறகுக் கட்டு. ஒவ்வொரு விறகும் நல்ல மரத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். சில சந்தனக் கட்டையாகவும் இருக்கலாம். அவற்றை ஒன்றாக்குவது கயிறு மட்டுமே. அக்கயிறு காலக்கெடு. அரசாங்கச் செலவுக்கான இடைக்கால அனுமதி அன்று நாட்கணக்கில் நீண்டுகொண்டிருந்தது. வேலையிழந்தோர்க்கான சிறப்பு உதவித் திட்டங்கள் டிசம்பர் 26ஆம் நாளோடு முடிய இருந்தன. அக்கட்டினை வேண்டாம் என்பவன் குதிரைப் பந்தய ஆணையத்தை வேண்டாம் என்றவன் ஆகமாட்டான். வேலையிழந்தோர் வயிற்றில் அடித்தவன் ஆவான். ஒரு பொருளின் அவசரம் தனக்கு உறவில்லாத நூறு பொருளுக்கு வாகனமாதல் இவ்வாறே. பவணந்தியார் வகுத்த நூற்குற்றங்களுள் மற்றொன்று விரித்தல் என்பது ஒன்று. எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பரக்கப் பேசுதல் அது. இங்கோ எடுத்த பொருள் எது, மற்றொன்று எது என்று பிரித்தறியவே வழியில்லை.

கட்டினை ஆதரிப்போர் வாதம்

மறுதரப்பின் வாதத்தையும் அதன் முழு வலிமையோடு நோக்குதல் நேர்மையாகும். கட்டுச் சட்டத்தை ஆதரிப்போர் கூறுவது இது: செனட் சபையில் நேரம் குறைவு, ஒரு மசோதாவை விவாதத்திலிருந்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே பொதுவாக 60 பேர் ஆதரவு வேண்டும், இரு கட்சிகளும் ஏறத்தாழச் சமமாக நிற்கும் காலத்தில் தனித்தனி மசோதா எதுவும் கரை ஏறாது. ஒருவர் விரும்புவதையும் மற்றவர் விரும்புவதையும் சேர்த்துக் கட்டினால்தான் இருவரும் கை தூக்குவர். கட்டு இல்லையேல் குளிர்சாதன வாயுவைக் குறைக்கும் சட்டமும் இல்லை. நோயாளியைக் காக்கும் சட்டமும் இல்லை.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. மருத்துவக் கட்டணச் செய்தியையே காண்க. காப்புறுதி பெற்ற ஒருவர் தம் காப்புறுதிக் கம்பெனியோடு உடன்படிக்கை உள்ள மருத்துவமனைக்கே செல்கிறார். அறுவை மருத்துவரும் அவ்வுடன்படிக்கைக்கு உட்பட்டவரே. ஆனால், மயக்க மருந்து கொடுத்தவர் உட்படாதவர். நோயாளி வீடு திரும்பிய பின் அவரிடமிருந்து ஆயிரக்கணக்கான டாலருக்குச் சீட்டு வரும். மயங்கிக் கிடந்தவர் எவ்வாறு மருத்துவரைத் தேர்ந்திருக்க இயலும்? இக்கொடுமையைப் பற்றிக் காங்கிரஸ் குழுக்களில் 2019 முதல் விசாரணையும் விவாதமும் நிகழ்ந்தன. சுகாதாரம், சுற்றுச்சூழல், வாணிகம், தொலைத்தொடர்பு ஆகியவற்றை ஒருங்கே கவனிக்கும் பிரதிநிதிகள் சபையின் எரிசக்தி வாணிகக் குழு அதில் முன்னின்றது. மருத்துவர்க்கும் காப்புறுதிக் கம்பெனிகளுக்கும் இடையே இருந்த பூசலால் அது தனித்து நிறைவேறவில்லை. கட்டில் ஏறியே கரை சேர்ந்தது. 2022 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தபின், மேலே கூறிய வகைச் சீட்டுகள் சட்டத்தால் தடுக்கப்பட்டன. இந்நன்மையைச் சிறிதென்று கூறுவோர் நோயாளியின் இடத்தில் இருந்து நோக்காதவர்.

தமிழறிந்தார் ஒருவர் இவ்வாதத்தோடு மற்றொன்றையும் சேர்த்துக் கூறலாம். தமிழிலும் தொகை நூல்கள் இல்லையா? புறநானூறு பலர் பாடிய நானூறு பாட்டின் தொகுப்பன்றோ? அதில் போரும் உண்டு, கொடையும் உண்டு, கையறு நிலையும் உண்டு. அதனை எவரும் விறகுக் கட்டு என்பதில்லையே எனலாம். இவ்வினாவுக்குரிய விடையில்தான் கட்டுச் சட்டங்களின் உண்மையான குற்றம் வெளிப்படுகிறது.

ஆக்கியோன் யார்?

புறநானூற்றைத் தொகுத்த சான்றோர் பாட்டுகளைச் சேர்த்தார்களேயன்றிக் கலந்துவிடவில்லை. பெரும்பாலான பாட்டுகளின் கீழே திணை இது, துறை இது, பாடியவர் இவர், பாடப்பட்டவர் இவர் என்னும் குறிப்புகள் உள. ஒரு பாட்டைப் புகழ்வோன் யாரைப் புகழ்வது என்பதை அறிவான். மறுப்போன் யாரை மறுப்பது என்பதை அறிவான். தொகையினுள் புகுந்ததனால் எப்புலவரும் தம் பெயரை இழக்கவில்லை.

கட்டுச் சட்டத்தில் பகுப்புகளுக்குப் பெயர் உண்டு. பாடியவர் பெயர்தான் இல்லை. 92 பேர் ஆதரித்தனர் என்னும் செய்தி, அவர்களுள் எத்தனை பேர் பதிப்புரிமை மன்றத்தை விரும்பினர், எத்தனை பேர் வாயுக் குறைப்பை விரும்பினர், எத்தனை பேர் இரண்டையும் வெறுத்துத் துயர் துடைப்புக்காக மட்டும் கை தூக்கினர் என்பதைக் கூறாது. வாக்கு என்பது சட்டமன்ற உறுப்பினனின் கையெழுத்து. நூறு செய்யுளுக்கு ஒரே கையெழுத்து இட்டால், ஒரு செய்யுளுக்கும் அவன் பொறுப்பாளியாகான். தேர்தல் நாளில் 'நீ ஏன் இதற்கு வாக்களித்தாய்?' என்று குடிமகன் கேட்டால், 'அதற்கன்று, மற்றதற்கே வாக்களித்தேன்' என்பான். அவ்விடை பொய்யுமன்று, ஆனால், மக்களாட்சிக்கு அதனினும் பெரிய கேடு வேறில்லை.

வாக்கினைப் பிரித்தால் என்ன நிகழும் என்பதற்கு அந்நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1850ஆம் ஆண்டு, அடிமை முறை பற்றிய பூசலைத் தீர்க்க ஹென்றி கிளே என்னும் செனட்டர் பல ஏற்பாடுகளை ஒன்றாகக் கட்டினார். எல்லோர்க்கும் இடமளிக்கும் குதிரை வண்டியின் பெயரால் 'ஆம்னிபஸ்' என்று அதனை அழைத்தனர். ஜூலை இறுதியில் அக்கட்டுச் சிதறியது. பின்னர் ஸ்டீபன் டக்ளஸ் என்பவர் அதனையே ஐந்து மசோதாக்களாகப் பிரித்துக் கொணர, செப்டம்பரில் ஐந்தும் நிறைவேறின. கட்டினாலன்றிக் கரை சேராது என்னும் வாதம் எக்காலத்தும் உண்மையாகாது என்பது இதனால் விளங்கும். அவ்வைந்தனுள் ஒன்று, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் கொடிய சட்டம். பிரித்து வாக்கெடுத்ததனால் நன்மை மட்டும் விளையவில்லை என்பதை மறைத்தலாகாது. ஆயினும், அக்கொடுமைக்குக் கை தூக்கியவர் யார், தூக்காதவர் யார் என்பது பெயர் பெயராக இன்றும் ஏட்டில் நிற்கிறது. பிரித்தல் தீய சட்டத்தைத் தடுத்தே தீரும் என்பதில்லை. அதனைச் செய்தவன் மறைந்து நிற்பதைத் தடுக்கும்.

அண்மைச் சான்று இன்னும் தெளிவானது. 2025 மே 22ஆம் நாள் பிரதிநிதிகள் சபை, மேலே கூறிய பெயரில்லாப் பெருஞ்சட்டத்தின் தன் வடிவத்தை 215க்கு 214 என்னும் வாக்கில் ஏற்றது. அதனுள், செயற்கை நுண்ணறிவை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டங்களைப் பத்தாண்டு நடைமுறைப்படுத்தலாகாது என்னும் விதி கிடந்தது. வரிக்கும் மருத்துவ உதவிக்குமான மசோதாவில் அது இருந்ததைத் தாம் வாக்களித்தபோது அறியவில்லை என்று ஆதரித்த உறுப்பினர் ஒருவரே பின்னர் வெளிப்படையாகக் கூறினார். ஜூலை 1ஆம் நாள் செனட் சபையில் அவ்விதியை மட்டும் தனியே எடுத்து வாக்குக்கு விட்டபோது, நீக்குக என்றவர் 99 பேர். வேண்டா என்றவர் ஒருவர். கட்டினுள் கிடந்தபோது ஒரு சபையைக் கடந்த பொருள், வெளியே எடுத்து வைத்தபோது ஒரே ஒருவரின் ஆதரவைத்தான் பெற்றது. கட்டு எதனை மறைக்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் தேவையில்லை.

அதே சட்டத்தின் மெடிக்கெய்ட் விதிகள், அவ்வுதவி பெறும் வயதுவந்தோருள் ஒரு சாரார் திங்களுக்கு 80 மணி நேரம் வேலையோ அதற்கு ஒப்பான பணியோ செய்துவருவதைக் காட்ட வேண்டும் என்கின்றன. இச்சட்டத்தினால் 2034ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் கூடுதலாக மருத்துவக் காப்புறுதி இன்றி இருப்பர் என்று காங்கிரசின் வரவு செலவு அலுவலகம் மதிப்பிட்டது. அவ்விதிகள் சரியோ தவறோ, அவற்றின் மீது மட்டும் 'ஆம்', 'இல்லை' என்று கூறும் இறுதி வாக்கு எச்சபையிலும் எடுக்கப்பட்டதில்லை. செனட்டில் 51க்கு 50 என்றும், பிரதிநிதிகள் சபையில் 218க்கு 214 என்றும் விழுந்த வாக்குகள் முழுக் கட்டுக்கும் உரியவை.

ஒரு சொல்லின் விலை

விரைவில் கட்டிய சட்டத்தின் சொற்களைப் பின்னர் யார் ஆராய்வது? நீதிபதிகள்தாம். சட்டத்தில் ஒரு சொல் எவ்வளவு கனமுடையது என்பதை 1984ஆம் ஆண்டின் செவ்ரான் வழக்குக் காட்டும். தூய காற்றுச் சட்டத் திருத்தத்தில் வரும் 'நிலையான புகைமூலம்' என்பது ஆலை முழுவதையும் குறிக்குமா, ஆலையிலுள்ள ஒவ்வொரு பொறியையும் குறிக்குமா என்பதே அங்கு எழுந்த வினா. ஒரு சொற்றொடரின் பொருளை ஒட்டி, நாடெங்கும் உள்ள ஆலைகளின் கடமை மாறும். சட்டவாசகம் தெளிவாக இல்லாதவிடத்து அரசாங்கத் துறையின் தக்க விளக்கத்தை ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அன்று தீர்த்தது. நாற்பது ஆண்டு நின்ற அந்நெறியை அதே மன்றம் 2024 ஜூனில் கைவிட்டது. இனிச் சொல்லின் பொருளை நீதிபதிகளே துணிவர். எனவே, சொல்லைச் செதுக்க வேண்டிய கடமை சட்டமியற்றுவோர்க்கு முன்னினும் மிகுந்துவிட்டது.

நோயாளியைக் காக்கும் சட்டமே இதற்கு எடுத்துக்காட்டு. மருத்துவர்க்கும் காப்புறுதிக் கம்பெனிக்கும் கட்டணத்தில் தகராறு எழுந்தால் நடுவர் எவற்றையெல்லாம் கருத வேண்டும் என்று அது பட்டியல் தந்தது. எதற்கு எவ்வளவு எடை என்று கூறவில்லை. அரசாங்கத் துறைகள் ஒன்றற்கு மிகுந்த எடை கொடுத்து விதி செய்தன. 2022 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்துக் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளிவிட்டது. இது குன்றக் கூறலின் பயன். மேலும், வானூர்தியில் நோயாளியை ஏற்றிச் செல்வோரின் எதிர்பாராக் கட்டணத்தைத் தடுத்த அச்சட்டம், சாலையில் ஓடும் சாதாரண ஆம்புலன்ஸ் வண்டியை விட்டுவிட்டு, அதனை ஆராய ஒரு குழுவை அமைப்பதோடு நின்றது.

குதிரைப் பந்தய ஆணையத்தின் கதையோ நகைப்பும் இரக்கமும் ஒருங்கே தருவது. அரசாங்கத்தின் அதிகாரத்தைத் தனியார் அமைப்பொன்றுக்குக் கட்டுப்பாடின்றிக் கொடுத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று 2022 நவம்பரில் ஐந்தாம் வட்ட முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அடுத்த திங்களே காங்கிரஸ் அதனைத் திருத்தியது. எங்கே திருத்தியது? 4,155 பக்கங்கொண்ட அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டுக் கட்டினுள். அதிபர் தேர்தல் வாக்குகளை எண்ணும் முறையை மாற்றிய பெருந்திருத்தமும் அதே கட்டில்தான் சென்றது. கிழிசலுக்கு இட்ட ஒட்டும் மற்றொரு மூட்டையிலிருந்தே எடுக்கப்பட்டது.

மூன்று சந்தை நாள்

இக்குற்றம் புதியதன்று, அதற்கு மருந்தும் புதியதன்று. கி.மு. 98ஆம் ஆண்டிலேயே உரோமாபுரியார் பல பொருளைக் கலந்த சட்டத்தைத் தடை செய்தனர். அத்தகைய சட்டத்துக்கு அவர்கள் வழங்கிய பெயர், பலவகை உணவைக் கலந்து நிரப்பிய தட்டைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. அச்சட்டமே மற்றொன்றையும் விதித்தது: மசோதாவை அறிவிப்பதற்கும் வாக்கெடுப்பதற்கும் இடையே மூன்று சந்தை நாள் கழிய வேண்டும். நாட்டுப்புறத்தான் சந்தைக்கு வந்து செய்தி அறிந்து போகும் காலம் அது. பொருள் ஒன்றாதல், படிக்கக் காலம் தருதல் என்னும் இரண்டு மருந்தும் ஒரே சீட்டில் எழுதப்பட்டிருந்தன.

அமெரிக்க மாநிலங்களும் இவ்வுண்மையை அறியாதன அல்ல. நியூஜெர்சி 1844ஆம் ஆண்டு அரசியலமைப்பில் ஒரு சட்டத்துக்கு ஒரு பொருளே என்னும் விதியை வகுத்தது. இன்று நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் அவ்விதி உண்டு. கூட்டரசின் அரசியலமைப்பில் மட்டும் அது இல்லை. கட்டினுள் வேண்டாத செலவுகளை மட்டும் அதிபர் நீக்கலாம் என 1996இல் செய்த சட்டத்தையும் உச்ச நீதிமன்றம் 1998இல் செல்லாது என்றது. ஆகவே, அதிபரும் முழுக் கட்டையும் ஏற்க வேண்டும். அன்றி முழுதும் தள்ள வேண்டும்.

ஒரு பொருள் விதி மட்டும் எல்லா நோயையும் தீர்க்கும் என்று கூறுதல் மிகையாகும். 'ஒரு பொருள்' எது என்பதே வழக்காகிவிடும். சுகாதாரம் என்னும் ஒரு சொல்லினுள் மருந்தும் மருத்துவமனையும் குடிநீரும் அடங்கும் என்று வாதிப்போர் எங்கும் உளர். காலம் தரும் விதியும் தானே நிற்பதில்லை. மசோதா வெளியாகி 72 மணி நேரம் கழிந்த பின்னரே வாக்கெடுத்தல் வேண்டும் என்னும் விதி 2019 முதல் பிரதிநிதிகள் சபையில் இருந்தது. 2020 டிசம்பர் 21ஆம் நாள் அது விலக்கி வைக்கப்பட்டது. விலக்க இயலும் விதி அவசரக் காலத்தில் விலக்கவேபடும்.

ஆதலின், தொகையே கூடாது என்பதை விட, தொகையாயினும் பிரித்து வாக்கெடுக்க வேண்டும் என்பதே நடைமுறைக்கு ஒத்தது. அதுவும் முடியாத காரியம் அன்று. 2020 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை அம்மாபெருங் கட்டினையே இரண்டாகப் பிளந்து, ஒன்றை 327க்கு 85 என்றும், மற்றதை 359க்கு 53 என்றும் தனித்தனியே நிறைவேற்றியது. இரண்டாகப் பிளக்க முடிந்ததைப் பத்தாகப் பிளக்க முடியாது என்பது நேரத்தைப் பற்றிய வாதமேயன்றி நெறியைப் பற்றிய வாதமன்று.

குளிர்சாதன வாயுவைக் குறைத்த சட்டமும் நோயாளியைக் காத்த சட்டமும் நல்லவை. நல்லவை என்பதனாலேயே அவை தம் பெயரோடும் தம்மை ஆக்கியோர் பெயரோடும் அவையேறியிருக்க வேண்டியவை. நல்ல சட்டம் ஒளிந்து வந்தால், தீய சட்டமும் அதே வழியில் ஒளிந்து வரும். வழியை அறிந்துகொண்டவன் எதனை ஏற்றி வருவான் என்று எவரும் உறுதி கூற இயலாது. நானூறு பாட்டைத் தொகுத்த சான்றோர் பெரும்பாலானவற்றின் கீழே பாடியவரைக் குறித்து வைத்தது போல, ஆயிரம் விதியைத் தொகுப்போரும் ஒவ்வொன்றன் கீழும் தம் வாக்கைத் தனித்துப் பதிவாரேல், அத்தொகை எவ்வளவு பெரிதாயினும் குற்றமில்லை. அதுவரை, அந்நூல்கள் எத்தனை ஆயிரம் பக்கம் விரியினும், அவை பாயிரம் இல்லாத பெருந்தொகைகளே.